காத்திருந்தது 115 நாள், கணக்கில் 24 நாள்

வணக்கம். இன்றைக்கு நாம் பார்க்கப் போவது கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் ஒரே ஒரு கட்டம். அதன் பெயர் 'விரும்பும் தேதி'.

அமெரிக்காவில் ராணுவத்திலிருந்து வெளியே வந்தவர்களுக்கென்று அரசே ஆஸ்பத்திரிகள் நடத்துகிறது. முன்னாள் படைவீரர் நலத்துறை, சுருக்கமாக வி.ஏ. ஒருவர் மார்ச் 1 அன்று போன் செய்து, முட்டி வலி தாங்கவில்லை, இந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று வையுங்கள். ஊழியர் தேடிப் பார்க்கிறார், ஜூன் 10-தான் காலி. "ஜூன் 10 பரவாயில்லையா?" "சரி." வேறென்ன சொல்வார், பாவம்! ஊழியர் அந்தத் திரையை மூடிவிட்டு, மறுபடி உள்ளே போய், விரும்பும் தேதி என்ற இடத்தில் ஜூன் 10 என்றே அடிக்கிறார். அப்பாயின்ட்மென்ட்டும் ஜூன் 10. இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் உள்ள நாட்களைத்தான் காத்திருப்பு என்று கணக்கிடுவார்கள். அப்படியானால் காத்திருந்த நாட்கள்? பூஜ்யம்.

(திரையில்: இரண்டு கட்டங்கள், இரண்டிலும் ஜூன் 10)

இந்த மாதிரி வேலைகளை வரிசையாக எழுதி, செய்யாதீர்கள் என்று 2010-லேயே துறைக்குள் சுற்றறிக்கை போயிருக்கிறது. ஆனால் அதற்கடுத்த வருடமே 14 நாளுக்குள் டாக்டரைப் பார்க்க வைக்க வேண்டும் என்று இலக்கு வைத்து, அதை அதிகாரிகளின் மதிப்பீட்டோடு முடிச்சுப் போட்டால் என்ன நடக்கும்? டாக்டர் எண்ணிக்கை தேவைக்கேற்பக் கூடவில்லை, எண்கள் மட்டும் அழகாகின. 2014-இல் ஃபீனிக்ஸ் நகரில் குட்டு உடைந்தது. தணிக்கையாளர்கள் 226 பேரின் விவரத்தை எடுத்துப் பார்த்தால், முதல் அப்பாயின்ட்மென்ட்டுக்கு சராசரியாக 115 நாள் காத்திருந்திருக்கிறார்கள். மேலிடத்துக்குப் போன கணக்கில் 24. இன்னும் சுமார் 1,700 பேர் அதிகாரபூர்வ வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே இல்லை. துறைச் செயலர் எரிக் ஷின்செகி அந்த மே மாதமே பதவி விலகினார்.

அப்போதிருந்த சாஃப்ட்வேர் மீதும் பழி உண்டு. 1980-களில் எழுதியது, மவுஸ் கிடையாது, எழுத்து மட்டும் ஓடும் திரை, ஒரு கிளினிக்கின் காலி நேரத்தைப் பார்த்துவிட்டு அதை மூடிய பிறகுதான் அடுத்த கிளினிக்கைத் திறக்க முடிந்தது. மாற்றுகிறோம் என்று 2000-இல் கிளம்பி, சுமார் 127 மில்லியன் டாலர் செலவழித்து, 2009-இல் கைகழுவினார்கள். இதற்கு நேர்மாறாக, 2018-இல் வந்த ஒரு சின்ன விஷயம் நன்றாக வேலை செய்தது: போனுக்கு ஒரு நினைவூட்டல் மெசேஜ், வர முடியாவிட்டால் அதற்கே பதில் அனுப்பி ரத்து செய்யலாம். வீணாகப் போக இருந்த நேரம் இன்னொருவருக்குக் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் பெரிய திட்டங்களைவிட இதுதான் புத்திசாலித்தனம்.

சரி, இப்போது எப்படி? 2019 ஜூன் முதல் விதி வேறு. பொது மருத்துவம், மனநலம் என்றால் 20 நாள், சிறப்பு மருத்துவம் என்றால் 28 நாள், அதற்குள் வி.ஏ.வில் இடமில்லை என்றால் அரசு செலவில் வெளி டாக்டரிடம் போகலாம். நாட்களை எண்ணுவது கேட்ட தேதியிலிருந்து. மார்ச் 1 என்றால் மார்ச் 1.

ஆனால் விதியில் ஒரு வாசகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: மருத்துவரோடு பேசி, நோயாளி பிந்தைய தேதிக்கு ஒப்புக்கொண்டால் இந்தக் கெடு பொருந்தாது. நம் ஆள் போனில் சொன்னாரே ஒரு "சரி", அதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?