கார்புரேட்டரா, எம்பிஎஃப்ஐயா? மன்னார்குடித் தம்பியின் கேள்வி

வணக்கம். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, இரண்டு மாருதி 800 பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1997 மாடல், கார்புரேட்டர். இன்னொன்று 2006, எம்பிஎஃப்ஐ. கார்புரேட்டர் வண்டிதான் விலை குறைவு, ரிப்பேர் என்றால் உள்ளூர் மெக்கானிக்கே பார்த்துவிடுவார் என்கிறார் அப்பா. எதை வாங்கலாம்?"

இரண்டும் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் முறைகள்தான்: கார்புரேட்டர் பழையது, எம்பிஎஃப்ஐ கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பீய்ச்சுகிற புதியது. மூன்று நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் அந்த அப்பா சொல்வது ஒரு காலத்தில் நூற்றுக்கு நூறு சரி. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் படிக்கும்போது பெரிய மாமாவின் அம்பாசிடரில் கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். வலங்கைமான் தாண்டி, நீடாமங்கலத்துக்கு முன்னால் வண்டி இரண்டு இழுப்பு இழுத்து நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வயல், ஒரு கடை கிடையாது. டிரைவர் அண்ணன் பதறவே இல்லை. பானெட்டைத் திறந்தார், ஒரு ஸ்குரூடிரைவர், ஒரு ஸ்பேனர், அவ்வளவுதான். கார்புரேட்டரிலிருந்து ஜெட்டை, அதாவது பெட்ரோல் வருகிற சின்னத் துளையுள்ள துண்டை, கழற்றி வாயால் ஊதினார். வெயிலுக்கு எதிரே பிடித்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். என்னிடமும் காட்டினார். அந்தப் பித்தளைத் துண்டுக்குள் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது. "இது அடைச்சா வண்டி நிக்கும், இது தெரிஞ்சா வண்டி ஓடும்" என்றார். பத்தே நிமிடம். முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

கார்புரேட்டர் என்பது அவ்வளவுதான். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது அந்தக் காற்று ஒரு குறுகலான கழுத்து வழியாகப் போகிறது. அங்கே வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது, அந்தக் குறைவே ஜெட் வழியாகப் பெட்ரோலை இழுக்கிறது. கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரியச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். அந்தக் கணக்கை மெக்கானிக் காதால் கேட்டு, ஸ்குரூவைக் கால் திருகு, அரைத் திருகு திருகிச் சரிசெய்வார். எம்பிஎஃப்ஐயில் டேங்குக்குள் இருக்கும் மின்சாரப் பம்ப் அழுத்தத்தோடு பெட்ரோலை அனுப்புகிறது. எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்று இசியூ என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர் சொல்கிறது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர் பீய்ச்சுகிறது. ஆக்சிஜன் சென்சார் இருந்தால், புகையை மோந்து பார்த்து அளவைத் திருத்திக்கொண்டே இருக்கும்.

சரி, அப்புறம் ஏன் நான் கார்புரேட்டர் வேண்டாம் என்கிறேன்? அந்த டிரைவர் அண்ணன் இன்று இல்லை. காதால் கேட்டு டியூனிங் பார்க்கிற கைகள் குறைந்துவிட்டன. பட்டறையில் வேலை கற்கும் பையன்கள் ஸ்கேனர் பிடித்துத்தான் பழகுகிறார்கள். அப்பா நினைக்கிற அந்த உள்ளூர் மெக்கானிக்குக்கு இப்போது என்ன வயது, அவரிடம் தொழில் கற்றவர் யாராவது இருக்கிறாரா என்று தம்பி விசாரிக்க வேண்டும். "யாரும் பார்ப்பார்கள்" என்பது வேறு, "யாரோ ஒருவர் பார்ப்பார்" என்பது வேறு.

இரண்டாவது, பெட்ரோலே மாறிவிட்டது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் பெட்ரோலைவிடச் சக்தி குறைவு, அது எரியக் காற்றும் குறைவாகப் போதும். பழைய பெட்ரோலுக்கு அளவெடுத்த ஜெட்டில் இதை ஊற்றினால் கலவை மெலிந்துவிடும், அதாவது பெட்ரோலுக்குக் காற்று அதிகமாகிவிடும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய இழுத்த சோக்கைத் திரும்பத் தள்ளினால் எஞ்சின் நிற்கும், பிக்கப் விழும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி இதை ஓரளவு தானே சமாளிக்கும். எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும். இந்த விஷயத்தில் மட்டும் இரண்டு வண்டியும் ஒன்றுதான், 1997-க்கும் 2006-க்கும் இந்தப் பெட்ரோல் தெரியாது. எதை வாங்கினாலும் பெட்ரோல் ஹோஸ்களை முதல் வேலையாக மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் நிற்கிற வண்டியின் கார்புரேட்டரைத் திறந்தால் அடியில் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும். அதுதான் ஜெட்டை அடைக்கிறது.

நிற்கிற வண்டி என்றேன் அல்லவா, உண்மையில் தம்பி கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். எந்த எஞ்சின் என்பதற்கு முன்னால், இந்த வண்டி எங்கே நின்றது, எத்தனை நாள் நின்றது, பக்கத்தில் என்ன இருந்தது? நம் டெல்டாவில் இதைக் கேட்காமல் வண்டி வாங்கவே கூடாது.

என் உறவுக்காரர் ஒருவர் எம்பிஎஃப்ஐ வண்டி வைத்திருந்தார். நல்ல வண்டி, வீட்டுக் கொல்லையில் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்துவார். தை மாதம் சம்பா அறுப்பு முடிந்து வயல் வெறுமையானதும் எலிகள் எங்கே போகும்? இரண்டு வாரம் கழித்துச் சாவி போட்டால் வண்டி உதறுகிறது, மூன்று சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை. பானெட்டைத் திறந்தால் எஞ்சின் மேல் வைக்கோல் மெத்தை, அதில் கொறித்துப் போட்ட நெல் உமி. இன்ஜெக்டருக்குப் போகும் ஒயர் இரண்டு அறுந்து செம்பு பளபளவென்று தெரிந்தது. மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு ஒயராகத் தேடிச் சேர்க்க மெக்கானிக்குக்கு ஒன்றரை நாள் ஆனது. கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் எலிக்குக் கடிக்க அவ்வளவு ஒயர் இருந்திருக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே எம்பிஎஃப்ஐ பார்க்கப் போனால் ஒயரிங்கை டார்ச் அடித்துக் கடைசிவரை பாருங்கள். இன்சுலேஷன் டேப் புதிதாகச் சுற்றியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

வெள்ளமும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறிய வண்டியா என்று பார்க்க வேண்டும். கால்மிதியைத் தூக்கி மோந்து பாருங்கள். சீட் பெல்ட்டை முடிவுவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுத் தண்ணீர் நின்ற கோடு அதில் தங்கியிருக்கும். கார்புரேட்டரில் தண்ணீர் புகுந்தால் கழற்றிக் காய வைக்கலாம். இசியூவுக்குள் புகுந்தால் பல நேரம் இசியூவையே மாற்ற வேண்டிவரும்.

என் பழைய வீடியோக்கள் பார்த்தவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும். மறுபடியும் சொல்கிறேன்: வண்டி பார்க்கப் போனால் முதலில் பானெட்டின் மேல் கையை வையுங்கள். காலை ஆறு மணிக்குப் போங்கள். பானெட் சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். கார்புரேட்டரோ எம்பிஎஃப்ஐயோ, குளிர்ந்த எஞ்சினில்தான் வண்டியின் நோய் தெரியும். சூடான எஞ்சின் பாதி நோயை மறைத்துவிடும். தஞ்சாவூரில் ஒரு நண்பருக்காக வண்டி பார்க்கப் போனபோது விற்பவர் காப்பி கொடுத்து உபசரித்தார். நான் காப்பியை வாங்குமுன் பானெட்டைத் தொட்டேன். கொதித்தது. மறுநாள் சொல்லாமல் போனோம். நாற்பது தடவை சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை.

எம்பிஎஃப்ஐயில் இன்னும் இரண்டு பாருங்கள். சாவியை ஆன் செய்து நிறுத்துங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பின்சீட் பக்கம் இரண்டு மூன்று விநாடி 'உர்ர்' என்று பம்ப் சத்தம் கேட்கும். மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டபோதே எரியவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், பல்பைப் பிடுங்கியிருக்கலாம்.

ஆர்.சி.யையும் மறக்காதீர்கள். சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். 1997 வண்டி என்றால் 2012, 2017, 2022 என மூன்று முறை புதுப்பித்திருக்க வேண்டும். 2006 வண்டிக்கு 2021, அடுத்தது 2026. இடையில் ஒன்று விட்டுப்போயிருந்தால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

தம்பி, என் பதில்: ஒயரிங் சுத்தமாக, தண்ணீர் ஏறாமல் இருந்தால் 2006 வண்டியை எடுங்கள். அதில் எலி கடித்த தடயமோ வெள்ளக் கோடோ இருந்தால், விலை குறைவு என்று 1997-க்கு ஓடாதீர்கள், மூன்றாவதாக ஒரு வண்டி தேடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். விடியற்காலையில் போங்கள், அப்பாவையும் அழைத்துப் போங்கள். ஸ்டார்ட் செய்கிற சத்தத்தைப் போனில் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள், கேட்டுச் சொல்கிறேன்.