ஓட்டையா, பீலாவா? ஸ்கைரிம் கதையைத் தட்டிப் பாப்போம்

வணக்கம் மக்களே! பின்னாடி கண்டெய்னர் லாரி ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க. ஹார்பர் பக்கத்துல உக்காந்துகினு வீடியோ போட்டா அப்டித்தான்.

இன்னிக்கு ஸ்கைரிம். எல்டர் ஸ்க்ரோல்ஸ்ன்ற கேம் வரிசைல 2011 நவம்பர் 11ல வந்த கேமு. இன்னும் நம்ம ஏரியால கேரம் போர்டு சுத்தி நாலு பேரு நின்னா போதும், அதுல ஒருத்தன் "கதை ஃபுல்லா ஓட்டை மச்சி"ன்னு ஆரம்பிச்சுடுவான். ஓட்டை கீது, இல்லன்னு சொல்லல. ஆனா ஓட்டைன்னு கத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்: இத்த சொன்னது யாரு? கேமுக்குள்ள ஒரு ஆளு சொன்னானா, புக்குல படிச்சியா, இல்ல உன் கண்ணு முன்னாடி நடந்துச்சா? ஆளு சொன்னா அது பீலாவா இருக்கலாம். கண்ணு முன்னாடி நடந்ததே இடிச்சா, அதான் ஓட்டை.

கலகக்காரங்க தலைவன் உல்ஃப்ரிக் மேட்டர எடுத்துக்கோ. ராஜா டோரிக்க எப்டி கொன்னான்? ஊர்ல பாதிப் பேரு, ஷவுட்டுன்ற மந்திரக் குரலால கத்தியே துண்டு துண்டா ஆக்கிட்டான்றாங்க. ராஜாவோட தலைநகரம் சாலிட்யூட்ல கேட்டா அது சண்டையே இல்ல, கொலைன்றாங்க. உல்ஃப்ரிக் கிட்டயே போய்க் கேளு. கத்துனதுல கீழ விழுந்தான், உயிரு போனது வாளாலன்னு சொல்லுவான். மூணு பேரு, மூணு கதை. இது ரைட்டர் தூங்குனதால வந்தது இல்ல. ஒரு அடிதடி நடந்தா நம்ம தெருவுல எத்தினி வெர்ஷன் சுத்தும்? அத வேணும்னே வெச்சிருக்காங்க. இத ஓட்டை லிஸ்ட்ல சேக்காத.

இப்போ பெரிய மேட்டர், சைரோடீல் காடு. சைரோடீல்னா இந்தக் கதை உலகத்துல ஸ்கைரிம் பக்கத்து நாடு. 1998ல இதே வரிசைல ரெட்கார்டுன்னு ஒரு கேமு வந்துச்சு. அந்த பாக்ஸோட ஒரு குட்டி கைடு புக்கு குடுத்தாங்க. அதுல சைரோடீல்னா முடிவே இல்லாத மழைக்காடுன்னு எழுதியிருந்துச்சு. 2006ல ஆப்ளிவியன் வந்துச்சு. முழுக்க சைரோடீல்லயே நடக்கற கேமு. உள்ள போய்ப் பாத்தா பசேல்னு புல்வெளி, ஐரோப்பா மாதிரி மரம். காட்ட எங்கடா காணோம்?

சரிக்கட்ட இன்னா பண்ணாங்க பாரு. டைபர் செப்டிம்ன்ற பேரரசர் கடவுளாயி, காட்ட வெறுத்த தன்னோட படைக்காக நிலத்தையே மாத்திட்டாருன்னு கேமுக்குள்ள ஒரு கதை உட்டாங்க. ஸ்கைரிம்ல வொய்ட்ரன் ஊர்ல டாலோஸ் (கடவுளான டைபர் செப்டிமோட பேரு) சிலை முன்னாடி ஹெய்ம்ஸ்கர்ன்ற பூசாரி தொண்ட கிழிய கத்திக்கினு இருப்பான்ல? எல்லாரும் காது பொத்திக்கினு போயிடுவோம். ஒரு தடவ நின்னு முழுசா கேளு. இந்தக் காட்டு மேட்டரு அதுக்குள்ள வரும்.

இதோட உட்டிருந்தா சோக்கா இருந்திருக்கும். 2014ல எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் வந்துச்சு. அது நடக்கறது ரெண்டாம் யுகம் 582ல. டைபர் செப்டிம் பொறக்கறது 828ல. அதாவது நிலத்த மாத்துன சாமி பொறக்கவே இன்னும் 246 வருஷம் கீது. அப்போ அங்க காடுதான இருக்கணும்? இல்ல! அதே புல்வெளி. அதுக்கும் ஒரு புக்கு வெச்சாங்க. பழைய ஏட்டப் பாத்து எழுதுனவன் பண்ண எழுத்துப் பிழையாலதான் காடுன்னு வந்துச்சோன்னு ஒரு அம்மா அதுல சந்தேகப்படும். ஒரு ஓட்டைய அடைக்க ஒரு ஒட்டு, அந்த ஒட்டு பிஞ்சதுக்கு மேல இன்னொரு ஒட்டு. ஆனா என்னக் கேட்டா மொத ஒட்டு நல்ல வேலை. ரெண்டாவது வெறும் சாக்கு.

இப்போ நெஜமான ஓட்டை. உஸ்டென்கிராவ். ஜர்கன் விண்ட்காலரோட கொம்ப எடுத்துக்கினு வான்னு கிரேபியர்ட்ஸ்ன்ற மலை மேல இருக்கற சாமியாருங்க அனுப்புவாங்கல்ல, அந்த சமாதி. உள்ள மூணு கல்லு, மூணு கேட்டு. கல்லத் தாண்டி ஓடுனா ஒவ்வொண்ணா கேட்டு தொறக்கும், தொறந்த வேகத்துலயே மூடிக்கும். சும்மா ஓடுனா மூணாவது கேட்டு மூஞ்சில அடிக்கும். மூணாவது கல்லத் தாண்டுன அடுத்த நொடி வேர்ல்விண்ட் ஸ்பிரிண்ட்ன்ற வேகமா பாயற ஷவுட்டு கத்தணும். அந்த ஷவுட்ட கிரேபியர்ட்ஸ் தான் நமக்குக் கத்துக்குடுத்தாங்க. மத்தவங்க ஒரு ஷவுட்டு கத்துக்க வருஷக்கணக்கா தவம் இருக்கணும்.

அவ்ளோ தூரம் போய்ப் பாத்தா கொம்பு இல்ல, ஒரு சீட்டு கீது. ரிவர்வுட்ல ஸ்லீப்பிங் ஜயண்ட் இன்ல பரண் ரூம வாடகைக்குக் கேளுன்னு எழுதியிருக்கும். வெச்சது டெல்ஃபின், ப்ளேட்ஸ்ன்ற ரகசியக் கூட்டத்து அம்மா. எப்டி உள்ள போச்சு அந்தம்மா? அதுக்கு ஷவுட்டே தெரியாது. கிரேபியர்ட்ஸ் உன்ன அங்கதான் அனுப்புவாங்கன்னு தெரியும்னு சொல்லும். ஏன் வந்துச்சுன்றதுக்குப் பதில் வந்துடுச்சு. எப்டி வந்துச்சுன்றதுக்கு ஒரு வரி கிடையாது. வழி ஃபுல்லா ட்ராகர்ன்ற நடமாடற பொணம் வேற, நெறைய நீ போற வரைக்கும் அலுங்காம படுத்துக்கினு கீது. இன்னொரு காமெடி, அந்த இன்ல பரணே கிடையாது. அது ஒருவேள ரகசிய சிக்னல்னு வெச்சுக்கலாம். கேட்டுக்கு அந்த சாக்கும் செல்லாது.

ஆயிரக்கணக்கான வருஷம் மூடிக் கெடந்த சமாதில மெழுகுவத்தி எப்டி எரியுதுன்னு கேப்பாங்க. அதுக்குப் பதில் கேமுலயே கீது. "அமங்ஸ்ட் தி ட்ராகர்"னு ஒரு புக்கு. முறை வெச்சு எழுந்து, தலைவரு பெட்டி முன்னாடி கும்புட்டு, இடத்த சுத்தம் பண்ணிட்டுப் படுக்கறதே அந்தப் பொணங்களுக்கு வேலை. தங்க நகம் வேற கதை. அது ஒரு சமாதிக் கதவோட சாவி. ப்ளீக் ஃபால்ஸ்ன்ற சமாதில கதவுக்கு கரடி, அந்துப்பூச்சி, ஆந்தை. அந்த விடைய சாவியோட உள்ளங்கையிலயே செதுக்கி வெச்சிருக்காங்க. பீரோ சாவிய பீரோ மேலயே வெச்சுட்டு ஊருக்குப் போன மாதிரி. அது திருடனத் தடுக்க இல்ல, உள்ள இருக்கற ட்ராகர் வெளிய வராம இருக்கன்னு ரசிகர்ங்க சொல்றாங்க. ஒத்துக்கலாம்.

அடுத்து, கதை ஓட்டை மாதிரி தெரியும், ஆனா இல்ல. விண்டர்ஹோல்டு காலேஜ், மந்திரம் கத்துக்குடுக்கற இடம். வாசல்ல ஃபரால்டா ஒரு மந்திரம் போட்டுக் காட்டச் சொல்லும். தெரியலன்னா 30 காசுக்கு அதுவே வித்துடும். அதக் கத்துக்கினு உள்ள போய், வாளாலயே சண்ட போட்டு ஆர்ச்மேஜ், அதாவது காலேஜ் தலைவரு, ஆயிடலாம். ஆனதுக்கு அப்புறமும் சில கேரக்டருங்க உன்ன புதுப் பையன் மாதிரியே நெனச்சு பேசும். இங்க தப்பு டயலாக்குக்குப் போட்ட கண்டிஷன்ல. "இந்த குவெஸ்ட் (கேமு குடுக்கற வேலை) முடிஞ்சுதா"ன்னு அந்த வரில செக் போடலன்னா, எஞ்சின் பழைய வசனத்தயே எடுத்து ஓட்டும்.

பிசில ஆடறவங்க நேராவே பாக்கலாம். 1க்கு இடது பக்கம் இருக்கற கீய அழுத்துனா கன்சோல் வரும். எஸ்கியூவி, ஒரு ஸ்பேஸ், எம்ஜி08ன்னு இங்கிலீஷ்ல அடி. அது காலேஜோட கடைசி குவெஸ்ட்டோட கோடு. குவெஸ்ட் எந்த ஸ்டேஜ்ல கீதுன்னு கொட்டும். பேஜ் அப் போட்டு மேல ஏத்திப் படி. குவெஸ்ட் முடிஞ்சுதுன்னு அது சொல்லியும் ஆளு பழசையே பேசுனா வசனக் கண்டிஷன்ல கோளாறு. முடியலன்னு சொன்னா உன் சேவ்ல குவெஸ்ட் மாட்டிக்கினு கீது. இன்னும் உள்ள போகணும்னா ஃப்ரீயா கிடைக்கற க்ரியேஷன் கிட்ன்ற கேம் எடிட்டர்ல ஸ்கைரிம் டாட் ஈஎஸ்எம் ஃபைல லோடு பண்ணு. கேரக்டர், அதுக்குள்ள குவெஸ்ட், அங்க எம்ஜி08. டயலாக் டேப்ல ஒவ்வொரு வரிக்கும் கண்டிஷன் பெட்டி இருக்கும். பாக்க மட்டும் செய், மாத்தி சேவ் பண்ணிடாத.

ஊரு சைஸ் பத்திக் கேக்கவே வேணாம். தீபாவளிக்கு முன்னாடி எம்சி ரோட்ல ஒரே ஒரு துணிக்கடைல நிக்கற கூட்டம் மொத்த வொய்ட்ரன்லயும் இல்ல. கேமுல ஒரு நாள் நம்ம கடியாரத்துல 72 நிமிஷம். நேரத்தயே சுருக்கிட்டான், ஊரையும் சுருக்கிட்டான். அது ஓட்டை இல்ல, ஸ்கேலு.

கடைசியா, எனக்கு ரொம்ப பேஜாரான மேட்டர். பார்தர்நாக்ஸ், கிரேபியர்ட்ஸோட குருவா இருக்கற கெழட்டு டிராகன். டிராகன்பார்னுக்கு, அதாவது நாம ஆடற ஹீரோவுக்கு, சேவை செய்யறதுதான் ப்ளேட்ஸோட சத்தியம். டெல்ஃபின் வாயாலயே அத சொல்லும். அதே டெல்ஃபின், அந்தக் கெழட்டு டிராகன கொல்லு, கொல்ற வரைக்கும் உனக்கு உதவி கிடையாதுன்னு உனக்கே ஆர்டர் போடும்! "நான்தான் டிராகன்பார்ன், நீதான் என் பேச்சக் கேக்கணும்"னு சொல்ல ஒரு ஆப்ஷன் கூட இல்ல. யாரோ பீலா உட்டதுன்னு தள்ளவும் முடியாது, குவெஸ்டே அதுமேலதான் நிக்குது. ரைட்டர் அந்த ஒரு வரிய எழுதல, அவ்ளோதான்.

ஆட்டத்துல இதுக்கு இன்னா வழி? மெயின் கதை முடிய அந்தக் கொலை தேவையே இல்ல. அல்டுயின்ன்ற வில்லன் டிராகன முடிச்சுட்டு, அந்தக் குவெஸ்ட்ட லிஸ்ட்ல அப்டியே தொங்க உட்டுடு. கொன்னீன்னா கிரேபியர்ட்ஸ் மூஞ்சியத் திருப்பிக்குவாங்க, அவங்கள்ல ஒருத்தரு ஆர்ன்கெய்ர் சொல்ற வேர்டு வால் (ஷவுட்டு வார்த்த செதுக்கின சுவரு) இடமெல்லாம் போச்சு. கொல்லலன்னா ப்ளேட்ஸ் ஆளு எஸ்பெர்ன் கிட்ட கிடைக்கறது போச்சு. வேணும்னா ப்ளேட்ஸ உன் பேச்சக் கேக்க வெக்கற மோட் (ரசிகர்ங்க கேம மாத்திப் போட்ட ஃபைலு) ஒண்ணு கீது, "தி பார்தர்நாக்ஸ் டைலமா"ன்னு தேடு. அதப் போடறதுக்கு முன்னாடி தனியா ஒரு சேவ் எடுத்து வெச்சுக்கோ. வரட்டா.