பாலும் புளிக்கும்

(கோபிசெட்டிபாளையத்தில் ஒரு வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, வருசம் தவறாமல் பந்தலும் சாப்பாடும் தந்துவரும் பெரியவர் அவர்களே, முன்வரிசைத் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கமுங்க. பொன்னாடைக்கு நன்றி. நகர்மன்றத் தலைவர் அடுத்து ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டுமாம். சுருக்கமாகவே பேசுகிறேன்.

பழைய படங்களை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்? மூன்று காரணங்கள்: பாட்டு, வசனம், அப்புறம் முடிவு முன்பே தெரிந்திருப்பது. ‘பழகப் பழகப் பாலும் புளிக்கும்’ என்பார்கள். நல்ல படம் புளிப்பதில்லை. மூன்றாவது காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அம்மாயிக்கு ‘கர்ணன்’ என்றால் உயிர். 1964-இல் வந்த படம். டென்ட் கொட்டகைக்கு அது எப்போது வந்தாலும் தூக்குப்போசியில் கடலையோடு போய் மணல் தரையில் முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவார். இந்திரன் கிழப் பிராமணனாக வந்து கவச குண்டலத்தைக் கேட்டதும், “குடுத்தராத சாமி, அவன் ஏமாத்தறான்!” என்று சத்தம் போடுவார். ஒரு நாள் சரியாக அந்த இடத்தில் பிலிம் அறுந்துவிட்டது. கொட்டகை முழுக்க விசில். அம்மாயிக்கு மட்டும் முகமெல்லாம் சிரிப்பு. “அந்து போச்சு கண்ணு, பொழச்சுக்கிட்டான்!” ஆபரேட்டர் ஒட்டி மறுபடி ஓட்டினார். ஒட்டியதில் கொஞ்சம் பிலிம் போய்விட்டதால், படம் வந்தபோது கர்ணன் கொடுத்தே முடித்துவிட்டான். அம்மாயி நேராக ஆபரேட்டர் ரூமுக்குப் போய், “ஏனுங்க, நீங்களே எடுத்துக் குடுத்துட்டீங்களா?” என்று கேட்டாரே பார்க்கலாம்! (பலத்த சிரிப்பு)

பாட்டும் வசனமும் கிடக்கட்டும். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: அந்தப் படங்களைக் காப்பாற்றி வைப்பது.

சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வே வேலையை விட்டுவிட்டு, 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவி வாங்கி ஊர் ஊராகப் போனவர். 1914-இல் அவர் கோவையில் கட்டியதுதான் வெரைட்டி ஹால். கொட்டகையின் பெயர் இன்றைக்கும் தெருவுக்கு இருக்கிறது. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில்தான் ‘ஹரிதாஸ்’ எடுத்தார்கள். 1954-இல் ‘மலைக்கள்ளன்’ எடுத்த பட்சிராஜா ஸ்டுடியோவும் கோவைதான். இவ்வளவு எடுத்த ஊரில், எடுத்ததைப் பத்திரமாக வைக்க ஓர் அறை வேண்டாமா?

‘பாலும் புளிக்கும்’ என்றேன் அல்லவா? பிலிமும் நிஜமாகவே புளிக்குமுங்க. வெக்கையும் ஈரமும் பட்டால் அசிடேட் பிலிமிலிருந்து காடி வாடை அடிக்கும். சுருங்கும், நெளியும், கடைசியில் மெஷினில் ஏறாது. 1931-இல் வந்த ‘காளிதாஸ்’ பேசும் படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. புனேயில் 1964 முதல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. நம் பழைய கொட்டகைக்காரர் வீட்டுப் பரணில் கிடக்கும் டப்பாவைப் புனேக்கு யார் தூக்கிக்கொண்டு போவது?

கோவையில் குளிரூட்டிய கிடங்கு ஒன்று, பக்கத்தில் நூறு பேர் உட்காரும் சின்ன அரங்கு ஒன்று. கேட்பது இவ்வளவுதான். நகர்மன்றத் தலைவர் மேலிடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் கார் ஏறுவதற்குள் மனுவில் முதல் கையெழுத்தைப் போட்டுவிட வேண்டும். மற்றவர்களுக்கு வாசலில், சந்தன மேசைக்குப் பக்கத்திலேயே தாள் இருக்கிறது. பேனாவைத் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்க.