கல்லில் மோதியவர், கணக்கில் மோதிய கதை

(பிரிக்ஃபீல்ட்ஸில் மோட்டார் தொழில் பயிலும் மாணவர்களும் கார் பந்தய ரசிகர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, வொர்க்‌ஷாப்பில் கையைக் கழுவிவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் தம்பிமார்களே, தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

2015 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் வி8 சூப்பர்கார்கள் நம் கோலாலம்பூர் நகரச் சாலைகளிலேயே ஓடின. ஜாலான் சுல்தான் இஸ்மாயில் பக்கம் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். அந்த ஒரு வார இறுதியோடு சரி, மறு ஆண்டு நடக்கவில்லை. அந்தப் பந்தய உலகத்தின் மூத்தவர் ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பெயர் டிக் ஜான்சன். 1945-இல் பிரிஸ்பேனில் பிறந்தவர். டூரிங் கார் பந்தயத்தில், அதாவது வீட்டு வாசலில் நிற்கிற கார் மாதிரியே தோற்றமுள்ள வண்டிகள் ஓடும் பந்தயத்தில், ஐந்து முறை ஆஸ்திரேலியச் சாம்பியன். அணி முதலாளியும் அவரே.

அவரைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் கல்லைத்தான் சொல்வார்கள். 1980, பாத்தர்ஸ்ட் 1000, ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற 1000 கிலோமீட்டர் பந்தயம். அந்தப் பந்தயம் நடக்கும் மவுண்ட் பனோரமா மற்ற நாட்களில் பொதுச் சாலை, வேக வரம்பு 60 கிலோமீட்டர்தான். அந்த ஆண்டுதான் ஜான்சன் சொந்த அணி தொடங்கியிருந்தார். கையில் இருந்ததையெல்லாம் ஒரே ஃபோர்டு ஃபால்கனில் போட்டிருந்தார். 17-ஆவது சுற்று, முன்னணியில் இருக்கிறார். மலையேறும் வளைவில் ஒரு பக்கம் இழுவை வண்டி நிற்கிறது. மறுபக்கம், மேலே மேட்டிலிருந்து உருண்டு விழுந்த கல், கால்பந்து அளவு. ஒதுங்க இடமில்லை. கல்லில் ஏறிய கார் சுவரில் போய் மோதியது. அவ்வளவுதான், போட்ட காசு போச்சு.

தொலைக்காட்சி நேரலையில் மைக்கை நீட்டினார்கள். மனிதர் உடைந்துபோய் நின்றார். பார்த்துக்கொண்டிருந்த ஜனங்கள் ஃபோனை எடுத்துக் காசு தருகிறோம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஜனங்கள் கொடுத்த அளவுக்கு நாங்களும் கொடுக்கிறோம் என்று ஃபோர்டு நிறுவனத்தின் எட்செல் ஃபோர்டு முன்வந்தார். மொத்தம் 144,000 டாலர் சேர்ந்தது. மறு ஆண்டே, 1981-இல், சாம்பியன் பட்டத்தையும் பாத்தர்ஸ்டையும் வென்றார். அந்த பாத்தர்ஸ்டிலும் பல கார்கள் ஒன்றோடொன்று மோதி, பந்தயத்தைப் பாதியிலேயே நிறுத்தித்தான் முடிவை அறிவித்தார்கள். அந்த மலைக்கும் இவருக்கும் என்ன கணக்கோ!

சரி, கதை நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்குக் கல்லைவிட முக்கியமாகப் படுவது 1983-இல் அதே பாத்தர்ஸ்டில் நடந்த விஷயம். சனிக்கிழமை, தகுதிச் சுற்று. ஒரு வளைவில் கட்டிவைத்திருந்த டயர்களை ஜான்சனின் கார் உரசியது. ஸ்டியரிங் முறிந்தது. கார் நேராக மரங்களுக்குள் புகுந்து நொறுங்கியது. அவர் பிழைத்ததே பெரிது. சம்பளத்துக்கு ஓட்டுகிற ஓட்டுநர் என்றால் என்ன செய்வார்? ஹோட்டலுக்குப் போய் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு படுத்துவிடுவார். முதலாளி படுக்க முடியுமா? விளம்பரதாரர் காசு கொடுத்தது பச்சை நிறக் கார் ஞாயிற்றுக்கிழமை தொடக்கக் கோட்டில் நிற்பதற்காக. வேறொரு அணியிடமிருந்து அதே மாடல் ஃபால்கனை வாங்கி, நொறுங்கிய காரிலிருந்து உருப்படியாக இருந்ததைக் கழற்றி அதில் மாட்டி, பச்சைப் பெயிண்ட் அடித்து, எழுத்தும் எழுதி, ஒரே இரவில் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். இங்கே ஃபோமன், அதாவது மெக்கானிக், வேலை பார்க்கிற தம்பிகளுக்குச் சொல்லவே வேண்டாம், எஞ்சின் மாற்றுவதற்கே எவ்வளவு நேரம் போகும் என்று. அந்தக் கார் பாதித் தூரம்கூடப் போகவில்லை, மின்கோளாறில் நின்றுவிட்டது. ஆனாலும் விளம்பரதாரருக்குக் கொடுத்த வாக்கு நின்றது. என்னைக் கேட்டால், அன்றைக்குத்தான் டிக் ஜான்சன் முழு முதலாளி ஆனார்.

அதற்கப்புறம் நல்ல காலம். ஷெல் நிறுவனத்தின் ஆதரவு, ஃபோர்டு சியரா ஆர்எஸ்500 கார். இரண்டே லிட்டர் டர்போ எஞ்சினில் 500 குதிரைத்திறனுக்கு மேல் எடுத்தார்கள். 1988-இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனுக்கே கொண்டுபோய், ஐரோப்பியர்களின் ஊரிலேயே முதலிடத்தில் தகுதி பெற்றார். 1988, 1989 இரண்டு ஆண்டும் சாம்பியன். இணை ஓட்டுநர் ஜான் போவுடன் சேர்ந்து 1989-இலும் 1994-இலும் பாத்தர்ஸ்ட். இதையெல்லாம் நீங்களே தேடிப் படித்துக்கொள்ளலாம்.

நான் சொல்ல வந்தது வேறு. ஜான்சன் ஸ்டியரிங்கை விட்டது 1999-இல், 54 வயதில். இன்னொருவரைப் பாருங்கள், அமெரிக்காவின் ரோஜர் பென்ஸ்கி. அவரும் நல்ல ஓட்டுநர்தான். ஆனால் முப்பது வயதுக்கு முன்பே பந்தயத்தை விட்டுவிட்டுக் கார் விற்கப் போனார். முதலில் கல்லாப்பெட்டி, அப்புறம் அணி. ஜான்சன் காரை ஓட்டிக்கொண்டே அணியையும் ஓட்டினார். ஒரே மனிதர் வளைவையும் பார்க்க வேண்டும், மாதக் கடைசிச் சம்பளத்தையும் பார்க்க வேண்டும். ஓட்டுகிற வரைக்கும் அந்தப் பெயருக்காகவே காசு வந்தது. இறங்கின பிறகு செலவு மட்டும் இறங்கவில்லை. 2010-இல் ஜேம்ஸ் கோர்ட்னி அந்த அணிக்குச் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தார். அதற்குச் சில ஆண்டுகளிலேயே அணியை மூட வேண்டிவருமோ என்ற நிலை. பட்டம் ஒரு பக்கம், பற்றாக்குறை ஒரு பக்கம். 2014-இல் 51 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது யார் தெரியுமா? அதே பென்ஸ்கியின் நிறுவனம்.

சீக்கிரம் இறங்கியவர், கடைசிவரை இறங்காதவரின் அணியை வாங்கினார். கேட்க வருத்தமாக இருக்கிறது, ஆனால் விற்க ஒத்துக்கொண்டதையே ஜான்சனின் கெட்டிக்காரத்தனம் என்பேன். பெயர்ப்பலகையில் அவர் பெயரும் இருந்தது, அணியும் பிழைத்தது. 2015-இல் இந்தக் கூட்டணிக்கு ஓட்ட வந்த மார்கோஸ் ஆம்ப்ரோஸ் அதற்கு முன்பே இரண்டு முறை சாம்பியன். தன் வேகம் போதவில்லை என்று தெரிந்ததும் சில பந்தயங்களிலேயே இருக்கையை இளைய ஓட்டுநருக்குக் கொடுத்துவிட்டார். நம் ஊரில் எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்? சங்கத் தலைவர் நாற்காலியையே விடமாட்டோம்! (சிரிப்பு)

2018, 2019, 2020, மூன்று ஆண்டும் அந்த அணியின் ஓட்டுநர் ஸ்காட் மெக்லாக்லின் சாம்பியன். 2019 பாத்தர்ஸ்டையும் வென்றார்கள். அதில் ஒரு கறையும் உண்டு. பாதுகாப்புக் கார், அதாவது விபத்து நேரத்தில் எல்லாரையும் தன் பின்னால் மெதுவாக வரவைக்கிற கார், ஓடும்போது பின்னால் வருகிறவர்கள் தாமதப்படும்படி தங்கள் இன்னொரு ஓட்டுநரை மெதுவாகப் போகச் சொன்னதற்கு 250,000 டாலர் அபராதம் விழுந்தது. 1980-இல் ஜனங்களும் ஃபோர்டும் சேர்ந்து கொடுத்ததைவிடப் பெரிய தொகை. 2020 முடிந்ததும் பென்ஸ்கி விலகினார். அணி மறுபடியும் டிக் ஜான்சன் ரேசிங் ஆனது. ஆனால் பெரும்பங்கு ஜான்சன் கைக்கு வரவில்லை, நிர்வாகம் பார்த்துவந்த ரையன் ஸ்டோரியிடம் போனது.

செப்பாங் பந்தயத் தளத்தில் என்றாவது சொந்த அணி இறக்க வேண்டும் என்று இங்கே சில தம்பிகளுக்கு ஆசை இருப்பது எனக்குத் தெரியும், போன வாரம்கூட ஒருவர் வந்து கேட்டார். அவரிடம் கேட்டதையே உங்களிடமும் கேட்கிறேன்: டயர் செலவு, எரிபொருள், நுழைவுக் கட்டணம், ஃபோமன் சம்பளம், இதையெல்லாம் எழுதிவைக்கப் போவது யார்? நீங்களேதான் என்றால், அந்த வார இறுதியில் காரை யார் ஓட்டுவது? பதில் இருக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள், மைக் பின்வரிசைக்குப் போகட்டும்.