கன்சாஸ் புல்வெளியில ஒரு கோதுமை வருஷம்: 1874-ல வந்த ஜெர்மன் விவசாயிகள்

வணக்கம் மக்களே. 1874-ல அமெரிக்காவோட கன்சாஸ் மாநிலத்துல வந்து இறங்கின மெனோனைட்ங்கிற கிறிஸ்தவப் பிரிவு விவசாயிகளப் பத்திதான் இன்னிக்கு வீடியோ. ஜெர்மன் பேசற ஜனங்க, ஆனா வந்தது தெற்கு ரஷ்யாவுலேர்ந்து, அதாவது இன்னிக்கு உக்ரைன்ல இருக்கிற மொலோச்னா பக்கம். மேரியன், ஹார்வி, மெக்பெர்சன் கவுன்ட்டிகள்ல சாண்டா ஃபே ரயில் கம்பெனிகிட்ட நிறைய பேர் நிலம் வாங்கினாங்க. இவங்கன்னாலே ‘டர்க்கி ரெட்’ கோதுமை விதையத்தான் எல்லாரும் பேசுவாங்க. விதைய விட அவங்க பருவக் கணக்குதான் பெருசுன்னு நான் சொல்வேன்.

முதல்ல நிலம். புல்வெளி மண்ணுல வேர் பின்னிப் பின்னிக் கிடக்கும். புல்லு வேகமா வளர்ற மே, ஜூன்லதான் உழணும், அதுவும் ரெண்டு மூணு அங்குல ஆழம்தான். புரண்ட புல்லு வெயில்ல செத்து மக்கும். ஆழமா உழுதா அடியில ஈரம் நின்னு புல்லு மறுபடி தழைச்சுடும். கோடை முடியறப்ப இன்னும் கொஞ்சம் ஆழமா மறு உழவு.

விதைப்பு செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆரம்பம். ஏக்கருக்கு 30 கிலோவுக்கு மேல விதை. முந்தி விதைச்சா ‘ஹெஸ்ஸியன் ஈ’ இளம்பயிர்ல முட்டை வச்சிடும், புழு தண்டைத் தின்னுடும். பிந்தி விதைச்சா வேர் ஊன்றாது. மண்ணு உறைஞ்சு உறைஞ்சு இளகறப்ப பயிரை வெளிய தள்ளிடும். சரியா விதைச்சது குளிர்ல உறங்கி, மார்ச்ல தூர் கட்டி, ஜூன் கடைசியில அறுப்புக்கு வந்துடும். ஜூலை அனல்காத்துக்குத் தப்பிச்சாச்சு. வெட்டுக்கிளிக்கும்தான்: 1874 கோடையில கன்சாஸ்ல வெட்டுக்கிளி இறங்கி மக்காச்சோளக்காட்ட மொட்டையடிச்சப்போ, குளிர்காலக் கோதுமை பெரும்பாலும் அறுத்தாகியிருந்தது.

இப்ப ஸ்க்ரீன்ல தெரியற கல்லைப் பாருங்க. கதிரடிக்கிற கல், சுண்ணாம்புக்கல்லுல செதுக்கினது. சுத்தி ஏழு பல், நடுநடுவுல ஆழமான பள்ளம். ரெண்டு முனையிலயும் இரும்பு அச்சு, அதை மரச்சட்டத்துல மாட்டி குதிரை பூட்டுவாங்க. இறுகின களத்துல கதிர வட்டமாப் பரப்பி மேல ஓட்டணும். கல்லு உருள உருள ஒவ்வொரு பல்லும் ‘தொம் தொம்’னு விழுந்து மணி உதிரும், கிட்டத்தட்ட நம்ம ஊர்ல மாடு கட்டி சூடடிக்கிற மாதிரி. நடுவுல வைக்கோலப் புரட்டி விடணும், கடைசியில காத்துல தூற்றணும். வைக்கோல் ஈரமா இருந்தா மணி பிரியாது, அதனால நல்லா காஞ்ச உச்சிவெயில்லதான் வேலை. கதிர மெல்லிசாப் பரப்பினா மணி நொறுங்கும். கதிரடிக்கிற மெஷின் வந்ததும் இந்தக் கல்லுக்கு வேலை போயிடுச்சு. ஆனா கன்சாஸ்ல நியூட்டன்ங்கிற ஊர் பக்கத்துல இருக்கிற பெத்தல் காலேஜுக்கு இன்னிக்கும் அதுதான் சின்னம்.

வைக்கோலும் வீணாகல. மரமே இல்லாத ஊர்ல அதுதான் விறகு. வீட்டு நடுவுல, சுத்தியிருக்கிற ரூமுக்கெல்லாம் சூடு போற மாதிரி பெரிய செங்கல் அடுப்பு கட்டினாங்க. காலையிலயும் சாயங்காலமும் வைக்கோலையோ காஞ்ச புல்லையோ கொஞ்ச நேரம் போட்டு எரிச்சாப் போதும், செங்கல் சூட்டைப் பல மணி நேரம் பிடிச்சு வைக்கும்.

சரி, ஒவ்வொரு குடும்பமும் பெட்டியில கொஞ்சம் விதை கொண்டு வந்ததாச் சொல்வாங்க, அது எப்படிப் போதும்? கணக்குப் போடுவோம். 7 கிலோ விதைச்சா கால் ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மி. பன்னெண்டு மடங்கு விளைஞ்சா 84 கிலோ. அதை அப்படியே திரும்ப விதைச்சா அடுத்த அறுப்புல ஒரு டன். மூணாவது விதைப்பு முப்பது ஏக்கர்.

விளைச்சல் வந்தாலும் விலை வரல. மணி ரொம்பக் கடினம். மிருதுவான கோதுமைக்குப் பழகின மில்லுக் கல்லுல அரைச்சா தவிடு பொடியாகி மாவுல கலந்து நிறம் மங்கிடும், மில்காரங்க விலையக் குறைப்பாங்க. எஃகு உருளை மில் வந்தப்புறம்தான் இது தீர்ந்துச்சு, ஏன்னா அது மணியப் படிப்படியா உடைச்சு தவிட்டைத் தகடாப் பிரிச்சு எடுக்கும். ஹால்ஸ்டெட்லயும் நியூட்டன்லயும் மில் நடத்தின பெர்ன்ஹார்ட் வார்கென்டின், அவரும் மெனோனைட்தான், இந்தக் கோதுமை பரவ ரொம்ப உழைச்சார். அவர் மில்லுகளப் பத்தி அடுத்த வீடியோவுல பார்ப்போம்.