இரண்டு மணி நேரமும் இரண்டு மாதமும்

நேயர்களுக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் சளிப் பரிசோதனை செய்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் ஊரில் ‘லேப் அம்மா’ என்றால்தான் என்னைத் தெரியும். காசநோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் புது மெஷினைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் மெஷினைவிடச் சளியைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் உலகத்துக்குக் காட்டியது 1882-ல். நூறு வருஷம் கழித்து நான் வேலைக்கு வந்தபோதும் பார்க்கிற வழி பெரிதாக மாறியிருக்கவில்லை. சளியைக் குச்சியால் எடுத்து ஸ்லைடில் தேய்க்க வேண்டும். காய்ந்ததும் சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியில் ஸ்பிரிட் பஞ்சைக் கொளுத்திப் பிடிக்க வேண்டும். ஆவி பறக்கலாம், கொதித்துவிடக் கூடாது. அப்புறம் அமிலம் ஊற்றினால் மற்றதெல்லாம் வெளுத்துவிடும். மெழுகுத் தோல் போர்த்திய காசநோய்க் கிருமி மட்டும் சிவப்பை விடாது. கடைசியில் நீலச் சாயம். லென்ஸில் பார்த்தால் நீலத்துக்கு நடுவே சிவப்பாக, வெட்டிப் போட்ட நூல் மாதிரி கிடக்கும். லென்ஸில் ஒரு நேரத்தில் தெரிகிற வட்டத்தை நாங்கள் ஃபீல்டு என்போம். 100 ஃபீல்டு பார்த்துவிட்டுத்தான் ‘இல்லை’ என்று எழுத வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டாலும், ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமி வரை இருந்தால்தான் கண்ணில் படும். அதற்குக் குறைவாக இருப்பவர் ‘நெகட்டிவ்’ என்ற சீட்டோடு வீட்டுக்குப் போய்விடுவார். கல்ச்சர் வைத்து வளர்த்துப் பார்க்கலாம்தான். ஆனால் இந்தக் கிருமி ஒன்று இரண்டாவதற்கே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். விடை வர வாரக்கணக்கு.

2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஜீன் எக்ஸ்பர்ட் என்ற மெஷினுக்கு ஒப்புதல் கொடுத்தது. நம் ஆஸ்பத்திரிகளில் ‘சிபிநாட்’ என்கிறோமே, அதுதான். சளியில் இரண்டு பங்கு மருந்துத் திரவம் ஊற்றிக் குலுக்கிக் கால் மணி நேரம் வைத்தால், கோந்து மாதிரி இருந்த சளி தண்ணீராக இளகிவிடும். அதில் 2 மில்லியை எடுத்து, கைக்குள் அடங்குகிற பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜில் விட்டு, மெஷினின் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் நம் வேலை முடிந்தது. கிருமியை உடைப்பது, அதன் டிஎன்ஏவை, அதாவது எழுத்தெழுத்தாகக் கோத்த அதன் மரபுக் குறிப்பைப் பிரிப்பது எல்லாம் உள்ளேயே நடக்கும். பிறகு அந்த டிஎன்ஏவில் ஒரு துண்டை மட்டும் பிரதி எடுக்கும். ஒன்று இரண்டு, இரண்டு நான்கு என்று 30 தடவை இரட்டித்தால் ஒன்று 100 கோடியைத் தாண்டிவிடும். 100 கோடியாகப் பெருகியது மெஷினின் கண்ணுக்குத் தப்புமா? ஒரு மில்லியில் 130 கிருமி இருந்தாலே பிடித்துவிடும். பின்னால் வந்த ‘அல்ட்ரா’ கார்ட்ரிட்ஜுக்கு 16 போதும். இரண்டு மணி நேரத்துக்குள் விடை.

இன்னொரு காரியமும் செய்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. காசநோய்க்கு முக்கியமான மாத்திரை ரிஃபாம்பிசின். கிருமி அதற்கு மசியாமல் போவதற்குக் காரணமான மாற்றங்களில் 95 சதவீதத்துக்கு மேல் ஒரே ஜீனில், 81 எழுத்து நீளமுள்ள ஒரு சின்ன இடத்தில் இருக்கின்றன. மெஷின் அந்த 81 எழுத்தையும் அதே ஓட்டத்தில் வாசித்துவிடும். முன்பு இதைத் தெரிந்துகொள்ள இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். அதுவரை அந்த மனுஷர் பலிக்காத மாத்திரையை விழுங்கிக்கொண்டு, வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருமிக்கொண்டு இருப்பார்.

நம் நாட்டிலேயே, கோவாவில் செய்கிற ட்ரூநாட் என்ற இதே மாதிரி மெஷினும் இருக்கிறது. பேட்டரியில் ஓடும். ஏசி அறை கேட்காது. கரன்ட் வந்து வந்து போகிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அதுதான் தோது.

சரி, விடைக்கு இரண்டு மணி நேரம்தான். ஆனால் அந்தச் சளி என் மேஜைக்கு வந்து சேர இரண்டு மாதம் ஆகிறதே! இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பாருங்கள் என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறோம். அதைப் படித்துக்கொண்டே மெடிக்கல் ஷாப்புக்குப் போய் சிரப் வாங்குகிறோம். ஒன்று தீர்ந்ததும் வேறு நிறத்தில் இன்னொன்று. ஆய்வகத்தின் பக்கமும் குறை உண்டு. வெள்ளிக்கிழமை மாலை வந்த டப்பா திங்கட்கிழமை வரை ஃபிரிட்ஜில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதைவிட மோசம், டப்பாவில் சளி இல்லாமல் எச்சில் வருவது. ஒரு நாள் நல்ல கூட்டம். ஒரு அம்மா கொடுத்த டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தண்ணீராக, நுரையோடு இருந்தது. திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். நானும் வாங்கி வைத்துவிட்டேன். மெஷின் ‘இல்லை’ என்றது. எச்சிலில் இல்லை, அது உண்மைதான். இரண்டு மாதம் கழித்து அதே அம்மா, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை கொடுத்தது கெட்டியான மஞ்சள் சளி. விடையும் வேறு.

அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் செய்தே காட்டுவேன். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். அடைத்த அறையில் வேண்டாம், வெளியே காற்றோட்டமான இடத்துக்குப் போய் நில்லுங்கள். ஆழமாக மூச்சை இழுத்து, கொஞ்சம் நிறுத்தி விடுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டு அடிநெஞ்சிலிருந்து இருமினால் வரும். சின்னப் பிள்ளைகளுக்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் அவர்களுக்கு மலத்தை எடுத்து இதே மெஷினில் பார்க்கிற முறையும் வந்திருக்கிறது.

இந்த மெஷினுக்கும் தெரியாத ஒன்று உண்டு. கிருமி உயிரோடு இருக்கிறதா, செத்துக் கிடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. டிஎன்ஏ இருந்தால் இருக்கிறது என்றுதான் சொல்லும். ஆறு மாதம் ஒரு மாத்திரை விடாமல் சாப்பிட்டு முடித்த ஒரு லாரி டிரைவர், “ஏம்மா, அன்னைக்குப் போட்ட அந்தப் பெரிய மெஷின்லயே போட்டுப் பாரும்மா, அப்பத்தான் எனக்குத் திருப்தி” என்று பிடிவாதம் பிடித்தார். “அது செத்த கிருமியையும் எண்ணிடும் அண்ணே” என்றால் நம்பவில்லை. தனக்காக ஒரு கார்ட்ரிட்ஜ் செலவழிக்க எனக்கு மனசு வரவில்லை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டே ஸ்லைடு தேய்த்து, சாயம் ஏற்றி, பழைய மைக்ரோஸ்கோப்பின் உறையை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். 100 ஃபீல்டு. நடுவில் ஒரு தடவை, “இன்னும் எவ்வளவும்மா?” என்று கேட்டார். ஒரு சிவப்பு நூல்கூட இல்லை.

நன்றி, வணக்கம்.