ஊருணிக் கரையில் பார்ட்டி, கேஸ் யார் மேல்?

வணக்கம். முதலில் இந்த வாசல்படியைப் பாருங்கள்.

[திரையில்: செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் தெரு, ஒரு பெரிய வீட்டின் முகப்பு]

படிக்கு உள்ளே வீட்டுக்காரர் பாடு. படிக்கு வெளியே பேரூராட்சித் தெரு. இப்போது ஒரு கற்பனைக் கல்யாணம். வெளியூர்ப் பார்ட்டி ஒன்று இந்த வீட்டை மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறது. வளவில், அதாவது உள்முற்றத்தில், சாப்பாடு, முகப்பில் கச்சேரி. இடம் போதவில்லை. எதிரே இருக்கும் ஊருணிக் கரையில் பந்தல் போட்டு, பேரூராட்சியில் பணம் கட்டி ரசீதும் வாங்கிவிட்டார்கள். ராத்திரி பதினோரு மணி. மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் கையில் கிளாஸோடு ஊருணிப் படியில் இறங்குகிறார். பாசி. சறுக்கல். இடுப்பெலும்பு போயிற்று.

கேஸ் யார் மேல்? பெண் வீட்டார், காண்ட்ராக்டர், ஊற்றிக் கொடுத்தவர் என்று எல்லார் மேலும் போடுவார். அதில் நன்றாக மாட்டக்கூடியது, அன்று ராத்திரி ஒரு சொட்டுகூட ஊற்றாத பேரூராட்சி!

சட்டத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், தூங்கிவிடாதீர்கள். பொது இடத்தில் போதையில் இருப்பதே 1937ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். 2023இல் அரசு விதியைத் திருத்தி, மாநாடு, விளையாட்டுப் போட்டி மாதிரி நிகழ்ச்சிகளில் மது பரிமாறச் சிறப்பு உரிமம் என்று கொண்டுவந்தது. கல்யாண மண்டபமும் முதலில் பட்டியலில் இருந்தது. ஊரே கொதித்ததும் அதை எடுத்துவிட்டார்கள். உரிமம் தருவது மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை. பேரூராட்சி தருவது இடத்தை மட்டும்.

'இடம் மட்டும்தானே கொடுத்தோம்' என்று அதிகாரி நினைப்பார். அங்கேதான் சிக்கல். இனி வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

[திரையில்: பழைய டெல்லி, சாந்தினி சவுக்]

சாந்தினி சவுக்கில் டவுன் ஹாலுக்கு எதிரே ஒரு மணிக்கூண்டு இருந்தது. நகராட்சிக்குச் சொந்தம். ஏறக்குறைய 80 வயது. அதன் காரைக்கு ஆயுள் 40, 45 வருடம்தான் என்று வழக்கில் சாட்சி சொன்னார்கள். (நம் ஆட்கள் முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர் நூறு வருடம் தாண்டியும் முகம் தெரிகிற மாதிரி மின்னுகிறது. சும்மா சொல்லி வைக்கிறேன்.) ஒருநாள் கூண்டு இடிந்து விழுந்தது. மூன்று பேர் இறந்ததற்கு வழக்கு நடந்தது. 'விரிசல் இருந்தது எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லிப் பார்த்தார்கள். 1966இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தெருவோரம் கட்டடத்தை வைத்திருக்கிறாய், பார்த்துக்கொள்வது உன் வேலை, குறை கண்ணுக்குத் தெரிந்ததா தெரியாததா என்ற பேச்சே இல்லை. நகராட்சி பணம் கட்டியது.

இதே டெல்லி, இன்னொரு வழக்கு. 1997 ஜூன் 13, உபகார் தியேட்டரில் தீ. 59 பேர் இறந்தார்கள். உயர் நீதிமன்றம் இழப்பீட்டைப் பங்கு பிரித்தது: தியேட்டர்காரருக்கு 55 சதவீதம், உரிமம் கொடுத்த அதிகாரி, மாநகராட்சி, மின்வாரியம் மூவருக்கும் தலா 15. உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011இல் கணக்கு மாறியது. தியேட்டருக்கு 85, மின்வாரியத்துக்கு 15. மாநகராட்சிக்கும் உரிம அதிகாரிக்கும்? பூஜ்யம். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் வேறு கதை. கடமையில் அசட்டை என்பதற்காக மட்டும் இழப்பீடு கட்டச் சொல்ல முடியாது என்றது தீர்ப்பு.

பிடிபட்டதா? கூண்டு நகராட்சியின் சொத்து, மாட்டிக்கொண்டது. தியேட்டர் தனியார் சொத்து, மாநகராட்சி தப்பியது. இப்போது நம் ஊருணிக்கு வாருங்கள். படி யாருடையது? பாசியைத் தேய்த்துக் கழுவ வேண்டியவர் யார்? குடித்தவர் மேலும் தப்பு உண்டு, இழப்பீட்டுத் தொகை குறையலாம். ஆனால் பேரூராட்சி நிற்பது உபகார் பக்கம் இல்லை, மணிக்கூண்டு அடியில். என் கருத்து இது. வக்கீல்கள் சண்டைக்கு வரலாம், வாருங்கள்.

அமெரிக்காவில் இதற்கென்றே 'டிராம் ஷாப்' சட்டங்கள் உண்டு. போதையில் இருப்பவனுக்கு மேலும் ஊற்றி, அவன் யாரையாவது இடித்தால், ஊற்றி விற்றவரும் பதில் சொல்ல வேண்டும். டிராம் என்பது பழைய அளவு, நாலு மில்லிகூட வராது. குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடைக்கே காணாது! அங்கே பல நகராட்சிகள் பூங்காவைப் பார்ட்டிக்குக் கொடுக்கும்போது இன்சூரன்ஸ் பத்திரம் கேட்கும். பத்து லட்சம் டாலர் என்பது சாதாரணமாகக் கேட்கும் தொகை. பாலிசியில் நகராட்சி பெயரும் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு நுணுக்கம்: மதுவைச் சும்மா கொடுத்தால் ஒரு பாலிசி, காசுக்கு விற்றால் வேறு பாலிசி. 'டிக்கெட் வாங்கினால் இரண்டு கிளாஸ் இலவசம்' என்று போட்டால், அதுவும் விற்பனைதான் என்று கம்பெனி கையை விரித்துவிடலாம்.

இன்னொரு பொருத்தம். இல்லினாய் மாநிலம் டிராம் ஷாப் சட்டம் போட்டது 1872. நம் இந்திய ஒப்பந்தச் சட்டமும் 1872! அதன் 124ஆம் பிரிவுதான், 'உனக்கு நட்டம் வந்தால் நான் கட்டித் தருகிறேன்' என்று எழுதி வாங்க வழி சொல்கிறது. கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்ற கல்யாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஊரில், ஊருணிக் கரைக்கு ஒரு எழுத்து இல்லை. நான் பார்த்த ஒரு ரசீதில் தொகை, தேதி, ரப்பர் ஸ்டாம்ப், கீழே 'குப்பை கூளங்களை அகற்றித் தர வேண்டும்' என்று ஒரே ஒரு நிபந்தனை. விழுந்தவனை யார் அகற்றுவது?

அந்த எழுத்து இருந்தாலும் விழுந்தவர் பேரூராட்சி மேல் கேஸ் போடலாம், அவர் அதில் கையெழுத்துப் போடவில்லையே. பேரூராட்சி கட்டிவிட்டு, பார்ட்டி நடத்தியவரிடம் வசூலிக்க வேண்டும். அவர் கையில் காசு இல்லை என்றால் அது வெறும் காகிதம். அதனால் இன்சூரன்ஸ் நகலையும் சேர்த்தே வாங்க வேண்டும். மது பரிமாறலாமா கூடாதா என்று ரசீதிலேயே எழுத வேண்டும். உரிமம் இல்லாமல் பாட்டில் திறந்தால் அனுமதி ரத்து. படித்துறைக்கு மூங்கில் தடுப்பு, ஒரு டியூப் லைட், ஒரு காவலாள். முந்தின நாள் படியைக் கழுவி, கழுவியதை போட்டோ எடுத்து ஃபைலில் வைப்பது. இதற்கு ஆகும் செலவு பந்தல்காரர் பில்லில் பாதிகூட வராது என்பது என் மனக்கணக்கு.

உங்கள் ஊரில் பொட்டல், ஊருணிக் கரை, சமுதாயக் கூடம் எதற்காவது ரசீது வாங்கியிருந்தால், அதில் என்ன நிபந்தனை இருக்கிறது என்று அப்படியே கமெண்டில் டைப் செய்யுங்கள். பெயரும் போன் நம்பரும் வேண்டாம். குப்பை கூளத்தைத் தாண்டி ஒரு வரி இருந்தால் அதை பின் பண்ணி வைக்கிறேன்.